செத்துப்போன கடைக்குட்டி அனுப்பிய படம்

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் வீட்டுக்காரியும் இந்த நிமிடம் வரை நலம். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நாளைக்கு அது என்ன ஆகும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், "புயல்" என்று வாயெடுத்தாலே வைத்துவிடுகிறாய். உன்மேல் தப்பில்லை. மூன்று தடவை என் பேச்சைக் கேட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாய். மூன்று தடவையும் உங்கள் கரையில் ஒரு தூறல்கூட இல்லை. மூன்றாம் தடவை தையல் மெஷினோடு பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, "உன் சாட்டிலைட்டைத் தூக்கி அடுப்புல போடுடா" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் பக்கம் போகும் ரொட்டி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் கிழிக்காதே. நீ படித்து முடிக்கும்வரை நின்று பார்க்க அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரிட்டையரான டைப்பிஸ்டுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்டாயே, இதுதான் வேலை. செருப்புப் பெட்டி அளவில் ஐந்து சாட்டிலைட்டுகள். ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்து, புயல் மேகத்துக்குள் சூடு எவ்வளவு என்று அளந்து படமாக அனுப்பும். எது எத்தனை மணிக்குப் பேசியது என்று நான் பதிவேட்டில் எழுதுவேன். எங்கள் நிலையத்துப் பொறியாளர் அம்மா ஐந்துக்கும் பெற்ற பிள்ளைகள்போலப் பேர் வைத்திருக்கிறார். முதலில் ஏவியது மூத்தவன், கடைசியாக ஏவியது கடைக்குட்டி. நாற்பத்தேழு நாளைக்கு முன் அது செத்துவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் பதில் வராமல், "எழுதிடுங்க சார்" என்று அந்தம்மா மூக்கை உறிஞ்சினார். நான்தான் என் கையால் "முடிந்தது" என்று எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணி, டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறேன், ஸ்பீக்கரில் கடைக்குட்டியின் குரல். குரல் என்றால் ஒரு கீச்சு, அவ்வளவுதான்; ஆனால் ஐந்தும் ஐந்து விதம், எனக்குத் தெரியாதா? மடியெல்லாம் டீ. "அம்மா, செத்தது பேசுது!" என்று கத்தினேன். "பேட்டரிதான் சார் போச்சு. சோலார் தகட்டுல வெயில் பட்டா சில சமயம் தானா முழிச்சுக்கும்" என்றார். மனசு ஆறியது, படத்தின் மூலையில் தேதியைப் பார்க்கும்வரை. செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. "கடிகாரம் கெட்டிருக்கும்" என்றார். கெட்டுத் தொலையட்டும். மறுநாள் பதினொரு மணிக்கு மூத்தவன் ஒரு படம் அனுப்பினான் பார், அச்சு அசல் அதே படம்! அதே இடத்தில் புயலின் கண், அதே வால். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். ஒரு மேகம் விலகவில்லை.  அந்தம்மா நாற்காலியை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இன்று புதன். வியாழன் தேதி போட்டு ஒரு படம் வந்தது. அக்கா, புயலின் கண் உங்கள் தெருவுக்கு மேலே நிற்கிறது. மற்ற நாலு பிள்ளைகளும் புயல் நடுக்கடலுக்குப் போகிறது என்கிறார்கள். மேலாளரிடம் காட்டினால், "செத்த சாட்டிலைட் சொல்லுதுன்னு ஊரையே காலி பண்ணச் சொல்லவா?" என்று சிரிக்கிறார். இன்னொன்றையும் கேள். பத்து நிமிடத்தில் கடைக்குட்டி வானத்தைக் கடந்து மறைந்துவிட வேண்டும். மறைந்த பிறகும் கீச்சென்றது. ஆண்டெனாவை அணைத்தோம். அப்போதும் கீச்சென்றது. இதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்துல எழுதறது, நீயே சொல்லு!

கெஞ்சிக் கேக்கறேன்கா, இந்த ஒரு தடவை நம்பு. வேன் திரும்பும்போதே ஏறி வந்துடு. மாடி அறையைக் கூட்டி வச்சாச்சு. பூனையையும் கூட்டிட்டு வா, உன் தம்பி பெண்டாட்டி ஒண்ணும் சொல்லமாட்டா. சொன்னா நான் பாத்துக்கறேன்.

உன் ஆசிகளை வேண்டியும் வசவுகளுக்குத் தயாராகவும்,
உன் தம்பி.

பி.கு.: அக்கா, கிளம்பாதே! பொறியாளர் அம்மா இப்போதுதான் மூச்சு வாங்க ஓடி வந்தார். கடைக்குட்டி இன்று காலை குப்புறப் புரண்டுவிட்டதாம். வடக்கும் தெற்கும் மாறிப்போய்ப் படத்தைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறோம். தாளைத் திருப்பினோம். தெற்கே உங்கள் கரையில் பொட்டு மேகம் இல்லை. கண் வடக்கே, எங்கள் ஊருக்கு மேலே. மேலாளர் இப்போது சிரிக்கவில்லை, ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். வேனுக்குள் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நான், என் வீட்டுக்காரி, பொறியாளர் அம்மா மூவரும் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. ஆனால் ஒரு இலை அசையவில்லை, தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுப்பேன். கதவைத் திற.