ஒன்பதாம் நம்பரைத் தவிர

பயந்த சுபாவம் உள்ளவர்கள் சும்மா இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர்கள் முன்னேற்பாடு செய்யக் கிளம்பும்போதுதான் ஆபத்து. (என் கணவர் இதையே இன்னும் காரமாகச் சொல்வார். அச்சில் போட முடியாது.)

அப்போது நான் கம்பம் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஓர் உரக்கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். நேரம் முடிந்தாலும் எழுந்திருக்காத வாடிக்கையாளர்கள்தான் பெரிய தலைவலி. "இந்தா, முடிச்சுட்டேன்க்கா" என்பார்கள். முடிக்க மாட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைப் படித்து, என் மேஜையில் இருந்தபடியே எந்த மிஷினையும் அணைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். நாலு வரிக் கட்டளையை எழுதிவைத்தால் போதும். அந்தத் திரையில் ஒரு பெட்டி முளைக்கும். அதில் விநாடிகள் குறைந்துகொண்டே வரும். பிறகு இருட்டு. பெட்டிக்குள் நாம் சொல்ல நினைப்பதையும் போடலாம். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கில எழுத்தில் தமிழாகவே போட்டிருந்தேன்: 'உங்கள் நேரம் முடிந்தது. எழுந்து வெளியே போகவும்.'

பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு இருபது வருடம் சாம்பார் வைத்தவளுக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும்? தலைக்கு ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கவிதாவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. பெற்றோருக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். ஜாதகம் பொருந்தி, குடும்பம் பிடித்து, எல்லாம் கூடிவந்த இடம். பெண் பார்க்க நேரில் வரத்தான் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. "நம்ம மதினி கடையிலதான் கேமரா இருக்கே, அதுலயே பொண்ணப் பாத்துக்கிரட்டும்" என்றார் அவருடைய அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரத்தில் பார்ப்பதாக முடிவானது.

எனக்குத் தூக்கம் போனது. எல்லா மிஷினிலும் ஆள் இருந்தால் எங்கள் இணைப்பு நத்தையாக ஊரும். படம் உறைந்து, என் பெண் பாதி கண்ணை மூடிய நிலையில் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தால்?

"பேசாம அன்னைக்குக் கடையச் சாத்திப்புடு" என்றார் கணவர்.

"நல்ல காரியத்தன்னைக்கு ஷட்டர இறக்குறதா? வாய வைக்காதீக."

ஆகவே முன்னேற்பாடு. நல்ல நேரம் தொடங்கியதும் என் கட்டளை தானாகவே ஓடும். ஒன்பதாம் நம்பரைத் தவிர எல்லா மிஷினும் அணையும். யாராவது மறுபடி போட்டுவிட்டால்? சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அணைக்கவும் ஏற்பாடு செய்தேன். கேமரா மாட்டிய ஒன்பதாம் நம்பர் திரைச்சீலை போட்ட தடுப்புக்குள் இருந்தது. வழக்கமாகப் பெண்பிள்ளைகள் உட்காரும் இடம். நேரம் முடிந்ததும் தாமாகவே எழுந்துவிடுவார்கள் என்பதால் அதை நான் ஒருநாளும் அணைத்ததில்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம்தான். பெண் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அணைத்துப் பார்ப்பது அபசகுனமாகப் பட்டது.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கவிதா பட்டுச்சேலையில் கேமரா முன் உட்கார்ந்தாள். வெளியே, மற்ற மிஷின்கள் கட்டளைப்படி அணைய, வாடிக்கையாளர்கள் முனகிக்கொண்டே படி இறங்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரையில் மாப்பிள்ளை தோன்றினார்.

"நல்லா இருக்கீகளா அத்தை? கவிதாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்..."

பெட்டி முளைத்தது, மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக.

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "உங்கள்... நேரம்... முடிந்தது. எழுந்து... வெளியே..." மிச்சத்தை மனதுக்குள் படித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன தங்கச்சி இது?"

"அது மிஷினுக்குச் சொன்னதுண்ணே!"

"மிஷின் எங்கிட்டு எந்திரிச்சுப் போகும்?"

என் மேஜைக்கு ஓடினேன். ரத்துசெய்யும் கட்டளையை ஒன்பதாம் நம்பருக்கு அடித்தேன். தவறாமல் அடித்தேன். உள்ளே திரை இருண்டது. மறுபடி போட்டு, காத்திருந்து, மாப்பிள்ளையைப் பிடித்து, கவிதா மறுபடி கும்பிட, அவர் "ஒண்ணே ஒண்ணு..." என்று தொடங்க, மறுபடி பெட்டி.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

"மதினி, பிடிக்கலைன்னா வாயால சொல்லலாம்ல. எழுதிக் காட்டணுமா?"

அவருடைய கணவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தேவிட்டார். "ரெண்டு தடவ சொல்லிட்டாக. மூணாந்தடவையும் சொல்ல விட்டு உக்காந்திருந்தா நமக்குத்தான் மரியாதை இல்ல. கெளம்புத்தா."

என் கணவர் வாசலை மறித்து நின்றார். நான் வியர்த்து வழிய இன்னமும் ஒன்பதையே ரத்து செய்துகொண்டிருந்தேன். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, இங்கன எம் மிஷின் ஜம்முன்னு ஓடுதே!"

குமுளிக்கு ஜீப் ஓட்டும் தம்பி. உடைந்த நாற்காலி கிடக்கும் பத்தாம் நம்பரில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், நிம்மதியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் விளங்கியது. எட்டு ஆகாது என்று கடை திறந்த அன்றே நான் அந்த எண்ணை விட்டுவிட்டு, ஏழுக்கு அடுத்து ஒன்பது, பத்து என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். மிஷின்களைப் பொருத்திய பையன் அந்த நம்பிக்கை இல்லாதவன். நெட்வொர்க்கில் ஒன்றுமுதல் ஒன்பதுவரை வரிசையாகப் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான். என் ஒன்பது, உள்ளுக்குள் எட்டு. என் பத்துதான் உண்மையான ஒன்பது. மகளுக்காக நான் காப்பாற்றிவைத்தது ஜீப் தம்பியின் சீட்டாட்டத்தை.

விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. ஆனால் ஓடுகிற மிஷின் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. கேமராவைப் பிடுங்கி அங்கே மாட்டினோம். உடைந்த நாற்காலியில் கவிதா உட்கார, அது சாயாமல் ஜீப் தம்பி பின்னால் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா செருப்பைப் போட்டபடியே தள்ளி நின்றார்.

மாப்பிள்ளை ஒரே மூச்சில் கேட்டு முடித்தார். "சிங்கப்பூர்ல வந்து இருக்கச் சம்மதமா?"

அதுவரை வாயே திறக்காத என் மகள் சொன்னாள்: "எங்கம்மா கை படாத கம்ப்யூட்டர் இருக்கிற ஊரு எதுன்னாலும் சரி."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் படம் பல்லோடு உறைந்தது. அந்தப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய அப்பா செருப்பைக் கழற்றினார்.

கல்யாணம் நடந்து, ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள். ஆனாலும் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை அன்றைக்குத் திரையில் பார்த்த காட்சியைப் படமாகச் சேமித்துவைத்திருந்தார். கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கமே அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதில் கவிதா கலங்கலாகத் தெரிகிறாள். பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஜீப் தம்பி பளிச்சென்று இருக்கிறார்.

ஆல்பத்தைப் புரட்டும் விருந்தாளிகள் எல்லோரும், "ஜோடிப் பொருத்தம் நல்லா இருக்கு" என்கிறார்கள். "அது மாப்பிள்ளை இல்லீங்க" என்று நான் தொடங்குவதற்குள் வீட்டில் எல்லோரும் சிரித்தபடி எழுந்து போய்விடுகிறார்கள். எட்டிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் நான் ஒருத்தியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.