முள் ஆடக் கூடாது

கிணறும் மோட்டாரும் உள்ள வீடுகளில் மட்டுமே காணக் கிடைக்கும் ஒரு வகை மனிதரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். அவரை வரவேற்பறையில் தேடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பிரஷர் டேங்க்கில் பொருத்திய சின்ன வட்ட மீட்டரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மீட்டரில் ஒரு முள். அதனால் தெருவில் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர்.

பிரஷர் டேங்க் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளே கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர். குழாயைத் திறந்தால் காற்று தண்ணீரைத் தள்ளும், முள் இறங்கும். கீழ்க்கோட்டைத் தொட்டதும் மோட்டார் தானாக ஓடும், குழாயை மூடினால் முள் ஏறும். மேல்கோட்டைத் தொட்டதும் மோட்டார் நிற்கும். ஏறுவதும் இறங்குவதும்தான் முள்ளின் பிழைப்பு. இது முள்ளுக்காரருக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனசு ஒப்ப வேண்டாமா? தண்ணீரின் அழுத்தம் சீராக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டார். சீர் என்றால் அசையாமல் நிற்பது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் பிடித்தது சனி. ஒரு நேரத்தில் ஒரு குழாய்தான். சமையலறையில் பாத்திரம் கழுவினால் குளியலறை காத்திருக்க வேண்டும். குளியலறை திறந்தால் துணி ஊறிக்கொண்டே கிடக்க வேண்டும். வந்த விருந்தாளி கை கழுவப் போனால் இவரும் பின்னாலேயே போய், "பாதி திருப்பினா போதுங்க, கை நல்லாவே நனையும்" என்பார். மனைவியின் தம்பி வாயெல்லாம் பற்பசை நுரையோடு, கொப்பளிக்க உத்தரவு கேட்டு மோட்டார் அறை வாசலில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். சைக்கிள் பம்பை எடுத்து டேங்க்குக்குக் காற்றடிப்பார். கூடிவிட்டது என்று பிடுங்கி விடுவார். குறைந்துவிட்டது என்று மறுபடி அடிப்பார். வழியில் மடக்கி, "வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"காலைல கொஞ்சம் இறங்குச்சு. இப்போ பரவாயில்ல" என்பார்.

இப்படியே போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மகளுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டு, ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்த ஒரே அழைப்பு. அந்தப் பெண் விடிந்ததும் குளிக்கப் போய், தலை நிறைய ஷாம்பு தேய்த்துக்கொண்ட சமயம் பார்த்து, அம்மா சமையலறையில் காய் கழுவக் குழாயைத் திறந்தாள். ஒரே நேரத்தில் இரண்டு குழாய். முள் மளமளவென்று சரிந்தது. முள்ளுக்காரர் பாய்ந்து வால்வை மூடிவிட்டார்.

"அப்பா, தண்ணி நின்னுபோச்சு."

"நிக்கல. நான்தான் நிறுத்தினேன். முள்ளு பதறுது."

"எனக்கு இன்டர்வியூப்பா. தலை பூரா நுரை."

"அதுக்கு முள்ளு என்னம்மா பண்ணும்? கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும்."

"கண்ணு எரியுதுப்பா."

"கண்ண மூடிக்க."

அம்மா மகளின் தலையில் துண்டைச் சுற்றி, கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய்க் குளிக்க வைத்து அனுப்பினாள். காதோரம் நுரை காயாமலே அந்தப் பெண் போய் உட்கார்ந்திருக்கிறது. "நெருக்கடி வந்தா எப்படி சமாளிப்பீங்க?" என்று கேட்டார்களாம். "கண்ண மூடிக்குவேன்" என்று வாய் தவறி வந்துவிட்டதாம். அவர்கள் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது.

இந்த நல்ல செய்தி முள்ளுக்காரர் காதில் விழவில்லை. ஏனென்றால் அன்றிலிருந்து முள் நின்றுவிட்டது. காலையில் நின்றது, மதியம் நின்றது, படத்தில் வரைந்த முள் மாதிரி நின்றது. மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் வீட்டில் அன்றைக்கு வந்த ஒரே தண்ணீர் அதுதான்.

"எல்லாரும் வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அறை அறையாகத் தேடினார். ஆளைக் காணோம், வாளிகளையும் காணோம். பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மனைவி அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் துணி அலசிக்கொண்டிருந்தாள். மைத்துனர் யாரையும் கேட்காமல் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டு முள்ளு நிக்குது. வந்து பாரேன்."

"நிக்கட்டுங்க" என்றாள் மனைவி. "நாங்க யாரும் அங்க குழாயத் தொடுறதே இல்ல. எல்லாம் இங்கதான்."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. மெதுவாகச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். மகளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எல்லாக் குழாய்களையும் ஒரு முறை பார்த்தார்.

"இத்தனையும் ஒண்ணா திறந்திருக்கே, இவங்க வீட்டு முள்ளு என்ன பாடு படுதோ" என்று சொல்லிவிட்டு நேரே அவர்கள் மோட்டார் அறைக்குள் போய்விட்டார்.

இன்னும் திரும்பவில்லை. சாப்பாடு அங்கேயே போகிறது. அவர் காவலுக்குப் பயந்து அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு துண்டும் சோப்புமாக இவர் வீட்டுக்குக் குளிக்க வருகிறார்கள். இவர் குடும்பமும் திரும்பிவிட்டது. ஆளில்லாத மோட்டார் அறையில் முள் தாராளமாக ஆடிக்கொண்டிருக்கிறது. வேலையில் சேர்ந்த நாளன்று மகள் சொந்த வீட்டிலேயே குழாயை முழுக்கத் திறந்து, ஆற அமரத் தலைக்குக் குளித்துவிட்டுப் போனாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போது உள்ளே யாரோ குழாய் திறந்த சத்தம் கேட்டதே, அப்போது தலையைத் தூக்கி, "யாரது, இவ்வளவு நேரமா?" என்று வாயெடுத்தீர்களே, அதைக் கவனித்தேன். இப்போது சத்தம் நின்றுவிட்டது, இல்லையா? எழுந்து போய் வீட்டு வாளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.