எல்லோர் பக்கத்திலும் நின்றவர்

குதிரைப் பந்தய உலகில் யார் இறந்தாலும் தான் மட்டும் இறக்காத ஓர் இனம் உண்டு. பயிற்சியாளர் போகலாம், ஜாக்கி போகலாம், லாடம் அடிப்பவர் போகலாம், நாற்பது ஆண்டுகள் வாசலில் நின்று நுழைவுச்சீட்டைக் கிழித்தவரும் போகலாம். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் தம் வாழ்வின் மிகப் பெரிய நாளன்று யார் அருகில் நின்றிருந்தார்களோ, அந்த ஒருவர் மட்டும் போவதில்லை. அவர் இருந்து, கறுப்புக் கழுத்துப்பட்டை கட்டி, மைக்கை இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய நாளை நமக்கு எடுத்துரைப்பார். இந்த இனத்திற்கு 'அருகில் நின்றவர்' என்று பெயர் சூட்டுவோம்.

எல்லாப் பந்தயத் திடல்களிலும் இவர் இருக்கிறார். நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில், கராண்டூ திடலில், அவருக்கு மெர்வ் ஹாலிகன் என்று பெயர். உத்தியோகத்தால் கம்பளிக் கிடங்கு எழுத்தர், இப்போது ஓய்வு; ஆசையால் பந்தயக் கழகச் செயற்குழு உறுப்பினர், இதற்கு ஓய்வே கிடையாது. ஒரு குதிரையும் வளர்த்ததில்லை. ஒரு குதிரைமீதும் ஏறியதில்லை. அருகில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கடந்த பதினெட்டு ஆண்டுகளில் மெர்வ் நிகழ்த்திய நினைவுரைகள் இருபத்து மூன்று. அவற்றுள் இருபத்தொன்று 'நான்' என்ற சொல்லில் தொடங்குகின்றன. எஞ்சிய இரண்டில் ஒன்று 'எனக்கு' என்று தொடங்குகிறது. மற்றொன்றில் முதல் வாக்கியத்தின்போது மைக் வேலை செய்யவில்லை. மறைந்தவரின் குதிரை எத்தனை கிலோ சுமந்தது, எத்தனையாவது கதவிலிருந்து புறப்பட்டது, வென்றது கழுத்தளவிலா மூக்களவிலா என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மறைந்தவரின் மனைவி பெயர் மட்டும் எப்போதும் 'அந்த நல்ல அம்மா'. உரைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், 1991ஆம் ஆண்டுக் கோப்பைப் பந்தயம் ஓடிய அந்த இரண்டரை நிமிடத்தில் அவர் மூன்று பேர் அருகில் நின்றிருக்கிறார்: ஒருவர் வெற்றிக் கம்பத்தடியில், ஒருவர் லாயத்தில், ஒருவர் மதுக்கூடத்தில். யாராவது மறுத்தார்களா? மறுக்கக்கூடிய மூவரும் மறைந்துவிட்டார்கள்.

இத்தகைய மனிதருக்கும் ஒரு தலைசிறந்த கதை உண்டு. அது பயிற்சியாளர் நெவ் ட்ரெஸ்காட்டைப் பற்றியது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கோப்பை நாளன்று, நெவ்வும் மெர்வும் வெற்றிக் கம்பத்தருகே வெள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், கடைசி இருநூறு மீட்டரில் நெவ்வின் குதிரை காப்பர் கெட்டில் ஐந்தாவதாக வந்ததாம், நெவ் ஆவேசத்தில் மெர்வின் தொப்பியைப் பிடுங்கி வேலியில் அடி அடியென்று அடிக்க, தொப்பி கிழிந்ததாம், குதிரை மூக்களவில் வென்றதாம், அந்தக் கணத்தில் ஒருவன் ஓடிவந்து, "நெவ், உனக்குப் பொண்ணு பொறந்திருக்குடா!" என்றானாம். நெவ் திரும்பிக்கூடப் பாராமல் கேட்டாராம்: "எத்தனை கிலோ?" "மூணு." "ரொம்ப லேசு. நெடுந்தூரப் பந்தயத்துக்குத்தான் லாயக்கு."

திடலே சிரிக்கும். ஒவ்வொரு முறையும்.

சென்ற மார்ச்சில் நெவ் காலமானார். இவ்வாண்டுக் கோப்பை நாளில் மூன்றாம் பந்தயத்திற்கு அவர் பெயர். ஜாக்கிகள் கையில் கறுப்புப் பட்டி. கடைசிப் பந்தயம் முடிந்தபின் வெற்றிக் கம்பத்தடியில் சாம்பல் தூவல். நினைவுரை யார்? இதென்ன கேள்வி!

மூன்றாம் பந்தயத்திற்கு இருபது நிமிடம் இருக்கையில், செயற்குழு அறையில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ரொட்டியில் தக்காளி சாஸ் ஊற்றிக்கொண்டிருந்த மெர்வின் முன்னால் நெவ்வின் மகள் ஜானீன் வந்து நின்றாள். கோப்பை நாளில் பிறந்த அந்த மூன்று கிலோ அவள்தான்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"தொப்பிக் கதைதானே? கவலைப்படாதம்மா, இன்னிக்கு ஒண்ணும் விடாம முழுசாச் சொல்றேன்."

"அதத்தான் கேக்க வந்தேன். அன்னிக்கு அப்பா உங்க பக்கத்துல நின்னாரா, இல்லியா?"

"என்ன கேள்வி இது! ஊருக்கே தெரியுமே."

"ஊருக்கு நீங்க சொல்லித்தான் தெரியும். நான் பொறந்தப்ப அப்பா ஆஸ்பத்திரியிலதான் இருந்தார்னு நேத்து அம்மா சொன்னாங்க. என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றாங்களோன்னு இருக்கு. எல்லாப் பொறந்த நாளுக்கும் நீங்க அந்தக் கதையச் சொல்லுவீங்க. நானும் சேந்து சிரிப்பேன். ஒரு குதிரைக்காக என்னைப் பாக்க வராத மனுஷன்னு நெனச்சுக்கிட்டேதான் அவரை வழியனுப்பினேன் மாமா."

மெர்வ் இறைச்சி ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவர் உணவைப் பாதியில் வைத்ததாக இதற்கு முன் பதிவு இல்லை.

"அம்மா சொன்னது நெஜம்னா மைக்ல சொல்லுங்க. இல்லேன்னா தொப்பிக் கதையே சொல்லுங்க. எப்பவும் போல சிரிச்சுடறேன்."

போய்விட்டாள்.

உண்மை என்ன? குதிரைக்குச் சேணம் பூட்டிவிட்டு நெவ் காணாமல் போனார். கோப்பை நாளில் பயிற்சியாளர் திடலை விட்டுப் போவதென்பது, முகூர்த்த நேரத்தில் மணமகன் மணையை விட்டு எழுந்து போவது போல. பரிசளிப்புக்கு அவர் மூச்சிரைக்கத் திரும்பியபோது, எங்கே போயிருந்தாய் என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். நெவ் மெர்வின் காதில் கிசுகிசுத்தார்: "என் மானத்தைக் காப்பாத்துடா, உன் பக்கத்துல நின்னேன்னு சொல்லு." மெர்வ் சொன்னார். சும்மா சொன்னால் நம்புவார்களா? ஆவேசத்தில் தானே கிழித்திருந்த தொப்பியைச் சேர்த்தார். அன்றைய மாலைக்குள் மூன்று கிலோவையும் சேர்த்தார். கதை வெற்றிபெற்றது. நெவ்வும் காலமெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தார். பெண்டாட்டி பிரசவத்துக்காகக் கோப்பையைத் தவறவிட்டவன் என்று லாயக்காரர்கள் கேலி செய்வதைவிட அது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரிக்கிற மகளை அவர் உற்றுப் பார்த்ததில்லை. இந்த ஒரு வெற்றிக்குப் பிறகே மெர்வ் மற்ற எல்லோர் அருகிலும் நிற்கத் தொடங்கினார்.

மூன்றாம் பந்தயத்திற்குமுன் ஜாக்கிகள் வரிசையாகத் தலை தாழ்த்தி நின்றார்கள். ஒரு நிமிட மௌனம் முடிந்தது. மெர்வ் மைக்கை இருமுறை தட்டினார். இந்தத் தொப்பி போனால் மற்ற இருபத்து மூன்றையும் ஊர் கேள்வி கேட்குமே என்று ஒரு கணக்கு அவர் மனத்தில் ஓடியது. முன்வரிசையில் ஜானீன், சிரிப்பதற்கு ஆயத்தமாக, உதட்டை இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

"நான்..." என்று தொடங்கினார். மரபு மரபுதானே. "நான் அன்னிக்கு வேலி ஓரமாத் தனியாத்தான் நின்னேன். நெவ் அங்க இல்ல. காப்பர் கெட்டில் ஜெயிச்சத அவன் பாக்கவே இல்ல. தொப்பியக் கிழிச்சது நான்தான். அந்த நேரத்துல அவன் ஆஸ்பத்திரியில, பொண்ணக் கையில வெச்சுக்கிட்டு நின்னான். அவன் திரும்பி வந்ததும் 'கெட்டில் ஜெயிச்சிருச்சுடா'ன்னு நான் சொன்னப்போ, 'அவளுக்கு என் காதுடா, மெர்வ்'னான். அதான் அவன் சொன்ன மொத வார்த்தை."

ஜானீனின் கை தானாகவே காதுக்குப் போனது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் திடல் சிரிக்கவில்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. இருபத்து மூன்று உரைகளில் மெர்வ் இப்படி ஒரு மௌனத்தைக் கண்டதில்லை. அந்த மௌனத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, தகப்பன் இருந்தான், குழந்தை இருந்தது. மெர்வ் எங்கே? வேலியோரம், கிழிந்த தொப்பியோடு, தன்னந்தனியாக. எந்த மனிதனால் தாங்க முடியும்?

"ஆமா, அவன ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனது?" என்றார் குரலை உயர்த்தி. "நான்தான்! என் பழைய ஹோல்டன் கார்ல, ஒரு சிவப்பு விளக்குலயும் நிக்காமக் கொண்டுபோய் எறக்கிட்டு, திரும்பி வந்துதான் வேலியப் பிடிச்சேன்!"

திடல் சிரித்தது, கை தட்டியது. மெர்வின் முகத்தில் இரத்தம் திரும்பியது.

நெவ்வின் மனைவி டாட் மகளின் பக்கம் சாய்ந்தாள். "உங்கப்பா மதுக்கூடத்துக்கு ஐஸ்கட்டி கொண்டுவந்த லாரியில வந்தார். முட்டி ரெண்டும் ஈரம். மெர்வோட லைசென்ஸப் பிடுங்கி அப்ப ஆறு மாசம்."

ஜானீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அந்தக் காது?"

"அது நெஜம். நானே கேட்டிருக்கேன், உன்னைக் கையில வாங்கினதும் எங்கிட்டயும் அதையேதான் சொன்னார்."

"அப்ப கார் கதைய மட்டும் பொய்னு போய்ச் சொல்லட்டுமா?"

"விடுடி. எங்கயாவது அவனுக்கும் நிக்க ஒரு எடம் வேணும்ல."

வாசகரே, மெர்வைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஒரு சிறு கணக்கெடுப்பு மட்டும் பாக்கி. கடைசியாக ஒரு துக்க வீட்டில் நீங்கள் பேசினீர்களே, அதன் முதல் சொல் என்ன? 'நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது' என்றுதானே? நல்லது. அந்த வீட்டுக்கு உங்களை யார் காரில் கொண்டுபோய் விட்டார்கள் என்பதையும் எங்காவது எழுதி வையுங்கள். உங்கள் முறை வரும்போது, விட்டது தான்தான் என்று சொல்ல ஒருவர் இப்போதே உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.