மின்சாரத்தில் ஓடிய நட்சத்திரம்

நடந்தது இவ்வளவுதான்:
1. ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தின் அளவைக் கணக்கிட்டேன்.
2. அதைத் தேர்வாளர் முன் நிரூபிக்க எழுந்து நின்றேன்.
3. கல்லூரியில் கரண்ட் போயிற்று.
4. நட்சத்திரமும் போயிற்று.

நியூட்ரான் நட்சத்திரம் என்பது செத்துச் சுருங்கிய நட்சத்திரம். அதைச் சுற்றிப் பாயும் வாயு எக்ஸ்-ரே கதிர்களை வீசும். அந்த வெளிச்சம் நொடிக்கு எத்தனை தடவை கூடிக் குறைகிறது என்று தெரிந்தால், வாயு சுற்றும் வட்டத்தைக் கணக்கிடலாம். நட்சத்திரம் அந்த வட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

செயற்கைக்கோள் அளந்த வெளிச்சத்தை ஒலியாக மாற்றிய கேசட் ஒன்றைப் பேராசிரியர் தந்தார். அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் போட்டேன். ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அடியில் சீரான ஒரு 'ம்ம்ம்'. கல்லூரிக் கருவியில் அளந்தேன்: நொடிக்கு ஐம்பது. வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள தூரம். எந்த நாள் அளந்தாலும் ஐம்பதுதான். (இம்மி பிசகாத நட்சத்திரம் என்று பூரித்துப்போனேன்.)

தேர்வாளர் சரி என்றால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் என்னைப் பெண் கேட்டிருந்த மேலூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

டேப் ரெக்கார்டரை என்னை நம்பி விட மனமில்லாமல் அண்ணனும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். 'ம்ம்ம்' அறையை நிறைத்தது. தேர்வாளர் தலையாட்டினார். மின்விசிறி நின்றது.

நான் பதறவில்லை. கரண்ட் போகும் ஊரில் பேட்டரி போடாமல் வருவேனா? வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். டேப்பில் மழை பெய்தது. 'ம்ம்ம்' இல்லை. (டேப் ரெக்கார்டரைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.)

பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்: "ஏத்தா, அங்கயும் கரண்டு போயிருச்சா?"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நம்ம லைன்ல கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை மாறும்?"

"ஐம்பது, சார்."

"உன் நட்சத்திரம்?"

"அதுவும்... ஐம்பது, சார்."

"அந்த 'ம்ம்ம்' வயர் வழியா வந்தது. அப்ப நீ அளந்தது நம்ம டிரான்ஸ்பார்மரைத்தான்."

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். கோச்சடையில் எங்கள் வீட்டு வாசலிலேயே அப்பா கேட்டார்: "என்னாச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தாம்ப்பா போச்சு. நடுவுல கரண்டு போயிருச்சு. மறுபடி கூப்புட்டுருக்காக."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்பா மேலூருக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போட்டார். நான் ஆறு மாதம் கழித்துப் போய், அந்த மழை இரைச்சலுக்குள் எந்த 'ம்ம்ம்'மும் கிடையாது என்று நிரூபித்துத் தேறினேன்.

இன்றும் வீட்டில் விளக்கு அணைந்தால் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "தங்கச்சி, ஒன் நட்சத்திரம் போயிருச்சு, பாரு!"

மேலூர் மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிவிட்டது. நான் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறேன். நட்சத்திரத்தின் அளவு தெரியவில்லை.