விசா தரும் வளையம்

சனி, ஞாயிறு வந்தால் பாரிஸின் ரூ காய் தெருவில் மீன்கடைக்கு ஆள் இல்லை, சேலைக்கடைக்கும் ஆள் இல்லை. எல்லோரும் ஒரு பழைய கட்டிடத்தின் படிக்கட்டில் நின்றார்கள். மூன்றாம் மாடியில் தொடங்கிய வரிசை தெருவில் வந்து முடிந்தது. 1986ஆம் ஆண்டில் பாரிஸ் தமிழருக்கு இருந்த பெருங்கவலை அகதி விசா. அதற்கான மருந்து அந்த மூன்றாம் மாடியில் இருந்தது.

மருந்தின் பெயர் வளையம். வைத்திருந்தவர் யோகநாதன். ஒரு வருடத்துக்கு முன்வரை ஒபர்வில்லியே புறநகர்க் கிடங்குகளில் பெட்டி தூக்கியவர், இப்போது காவிச் சால்வையும் மணிமாலையுமாக வளையச்சாமி ஆகிவிட்டார். ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஆபிரிக்காவில் பெனின் என்ற பேரரசை ஆண்ட மன்னன் கையில் கிடந்த செப்பு வளையமாம் அது. சாமி அதை மேசையில் ஒரு வெள்ளித்தட்டில் வைப்பார். கண்ணை மூடுவார். வளையம் தானாக நகரும். உங்கள் பக்கம் வந்தால் விசா நிச்சயம். சாமியின் பக்கம் போனால் பரிகாரம் நிச்சயம். காணிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான். ஊரில் சந்திக்குச் சந்தி சாமி இருக்க, நம்மவர் ஏன் பெனினுக்குப் போனார்கள் என்று கேட்காதீர்கள். தூரத்துச் சாமிக்குத் துடிப்பு அதிகம்.

உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் குகதாசனும் ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்றார். அவருடைய அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. ஒரு மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும். மிச்சம் நாலே நாட்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவர் முகத்தில் கலியாணக் களை.

“வளையம் என்ரை பக்கம் வந்திட்டுது, ஜெகதி. இனி அப்பீல் தேவையில்லையாம். போட்டால் மன்னனுக்குக் கோவம் வருமாம்.”

மனைவி ஜெகதீஸ்வரி தையல் பட்டறையில் வேலை செய்பவள்.

“தள்ளுபடி எண்டு எழுதினது பிரெஞ்சுக்காரன். கோவம் வாறது பெனின்காரனுக்கோ?”

“உனக்கு எதிலையும் நம்பிக்கை இல்லை.”

“நாலு நாள் இருக்குதெண்டு தெரியும். அது போனால் அடுத்தது பிளேன்தான். ஊரிலை ஆமி பிடிக்கப் பாத்துக்கொண்டு நிக்கும்.”

குகதாசன் சப்பாத்தை மாட்டினார். வேலைக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள், புருஷனிடம் அல்ல, அவரோடு கோப்பை கழுவும் கொஜோவிடம். கொஜோ கொத்தனூ என்ற ஆபிரிக்க நகரிலிருந்து வந்து சரித்திரம் படிக்கும் மாணவர். மேற்கு ஆபிரிக்கக் கரையின் பழைய வணிகம்தான் அவருடைய ஆராய்ச்சி. வளையக் கதையைக் கேட்டதும் அவர் சிரித்தார். சிரித்து முடித்துத்தான் பிரெஞ்சில் பேசினார்.

“பெனின் பேரரசு உண்மை. பெரிய நகரம், அருமையான வார்ப்புக் கலைஞர்கள், மிளகு, தந்தம் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த வளையம் மந்திரம் இல்லை, காசு. போத்துக்கேயர் ஐரோப்பாவில் வார்ப்பித்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். மிளகு வாங்க, தந்தம் வாங்க, மனிதரை வாங்க.”

“மனிசரையுமோ?”

“ஆம். அதற்குச் சக்தி இருந்திருந்தால், விற்கப்பட்டவர்களை அல்லவா முதலில் கப்பலிலிருந்து இறக்கியிருக்கும்?”

ஜெகதீஸ்வரிக்கு ஊர் நினைவு வந்தது. அதே போத்துக்கேயர்தான் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர்கள். கொஜோவே பேச்சை மாற்றினார். “எங்கள் சந்தையில் ஏமாற்றுக்காரர் என்ன விற்பார்கள் தெரியுமா? இந்திய மந்திரம்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. “அந்த வளையம் என்ன உலோகம்?”

“செம்பு. இல்லாவிட்டால் பித்தளை.”

செம்பு, பித்தளை, இரும்பு: காந்தம் எதை இழுக்கும், எதை இழுக்காது என்று பட்டறையில் நாள்தோறும் கொட்டிய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குகிறவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஞாயிறு காலை புருஷனையும் இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள்.

“சாமி, என்ரை கேஸையும் ஒருக்கால் பாருங்கோ.”

சாமி கண்ணை மூடினார். வளையம் அசைந்தது. ஜெகதீஸ்வரி கைப்பையிலிருந்து குண்டூசிப் பெட்டியை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். ஊசிகள் எழுந்து நின்றன. வளையம் போன பக்கமெல்லாம் ஆட்டுமந்தை போல ஓடின. கண் மூடியிருந்த சாமி இதைப் பார்க்கவில்லை; தன் வேலையைத் தொடர்ந்தார்.

“சாமி, இந்த ஊசியள் எல்லாத்துக்கும் விசா கிடைச்சிட்டுது போல. இதுகள் எந்தப் பிளேனிலை வந்ததுகள்?”

சாமி கண்ணைத் திறந்தார். சனம் சிரிக்கத் தொடங்கியது.

“மன்னன்ரை சக்தி ஊசியிலையும் இறங்கிட்டுது, தங்கச்சி.”

“அப்ப நீங்கள் எழும்பித் தள்ளி நில்லுங்கோ. சக்தி தனிய ஆடட்டும்.”

“எனக்கு முழங்கால் வருத்தம்.”

குகதாசன் மேசைவிரிப்பைத் தூக்கினார். வருத்தம் உண்மைதான். பழைய ஒலிபெருக்கி ஒன்றின் காந்தம் முழங்காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. சாமி முழங்காலை விலக்கியதும் ஊசிகள் சாய்ந்து படுத்துவிட்டன. ஜெகதீஸ்வரி ஓர் ஊசியால் வளையத்தைச் சுரண்டினாள். செப்பு நிறம் உரிந்தது, உள்ளே இரும்பு.

குகதாசனுக்கு முகம் கறுத்துவிட்டது. வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“யோகநாதன் அண்ணை, உங்கட விசா எப்பிடிக் கிடைச்சது?”

யோகநாதன் மணிமாலையை உருட்டினார். சனம் விடவில்லை.

“அவுக்காவைப் பிடிச்சு, அப்பீல் போட்டுத்தான்.” வழக்கறிஞரைப் பாரிஸ் தமிழர் அப்படித்தான் அழைப்பார்கள்.

அந்த அறையில் சாமி சொன்ன முதல் உண்மை அதுதான். உடனே ஆளுக்கொரு கடதாசித் துண்டில் அவுக்காவின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை குகதாசனின் அப்பீல் பதிவுத்தபாலில் போனது. ஒன்றரை வருடம் கழித்து அகதி அட்டை வந்தது. யோகநாதன் மறுபடியும் பெட்டி தூக்குகிறார்; நேர்மையான வேலை, முழங்காலுக்கும் நல்லது.

காந்தம் இழுத்தால் இரும்பு பின்னாலேயே போகும். பாவம், அதற்கு யோசிக்கத் தெரியாது. மூன்று மாடி ஏறி வரிசையில் நின்ற நமக்குச் சொல்லித் தப்ப என்ன சாட்டு?