அம்மாவின் மிளகாய்ப்பொடியில் நான் கண்ட மலை

படித்து முடித்து வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில் யாரும் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். வீட்டாரின் பாதுகாப்புக்காகத்தான். எனக்கு அந்த வருஷத்தில் தெரியாத விஷயமே கிடையாது. அம்மா நிலக்கடலைச் சட்னி அரைத்தால், கடலையில் எந்தப் பூஞ்சை வளரும், அது என்ன நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு கல்லீரலை என்ன செய்யும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்பேன். (அப்பா தன் பங்கு சட்னியையும் என் பக்கம் தள்ளிவிட்டு மோருக்குப் போய்விடுவார்.)

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கே புதிதாக ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்திருந்தது. உணவை அரைத்து, கரைப்பானில் கலக்கி, வடிகட்டிக் கொடுத்தால், அதிலுள்ள மூலக்கூறுகளை எடைபோட்டுப் பூஞ்சை நஞ்சைக் கண்டுபிடிக்கும் இயந்திரம். நஞ்சு இருந்தால் திரையில் கோடு மலையாக எழும்பும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும்.

இயந்திரம் வந்துவிட்டது, வாடிக்கையாளர்கள் வரவில்லை. எனவே எங்கள் மேலாளர், ஊரில் 'சாலை' என்றே சொல்லும் சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரிகளை அழைத்து, டீயும் நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியும் கொடுத்து, சோதனையை நேரில் காட்ட ஏற்பாடு செய்தார். வந்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் விளக்கும் பொறுப்பு எனக்கு. (என் திறமையால் கிடைத்தது என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.)

காலையில் அவர்கள் கொண்டுவந்த மிளகாய், மல்லி, கடலை எல்லாவற்றையும் ஓட்டினேன். எல்லாம் சுத்தம். கோடு படுத்தே கிடந்தது. வியாபாரத்துக்கு நல்ல செய்தி, வேடிக்கைக்கு மோசமான செய்தி. கொட்டாவிகள் கிளம்பின. நஞ்சு எப்படியிருக்கும் என்று காட்ட, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் நஞ்சுக் கரைசலை எடுத்தேன். அதை நன்றாக நீர்க்க வைத்துத்தான் போட வேண்டும். பின்வரிசைக்கும் தெரிய வேண்டுமே என்று, கெட்டியாகவே போட்டேன். திரையில் பொன்முடி மலையே எழுந்தது. டீ கிளாஸ்கள் கீழே இறங்கின.

மிளகாய் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "பாப்பா, இந்த மெஷினு தப்பாச் சொல்லாதா?" என்று கேட்டார்.

"மனுஷங்கதான் தப்புப் பண்ணுவாங்க அண்ணாச்சி. மெஷின் பண்ணாது."

(முதல் பாதி சரி.)

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசியாக ஒரு கலப்படமற்ற பொடியையும் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். கடைப்பொடியை நம்ப முடியாது என்பதால் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருப்பதாக, கடைக்காரர்களிடமே அறிவித்தேன். அம்மாவின் மிளகாய்ப்பொடி. அம்மா அந்த அண்ணாச்சியிடம் வற்றல் வாங்கி, காம்பு கிள்ளி, மாடியில் காயவைத்து, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைத்து, எங்கள் தெருவுக்கும் ஒரு பெண்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் கொடுத்துவந்தாள். நான் எம்.எஸ்சி. படித்தது அந்தப் பொடியில்தான்.

பொடியின் வடிநீரை உடனே இயந்திரத்தில் ஏற்றினேன். கைகட்டி நின்றேன். மலை எழுந்தது.

முன்வரிசை திரையை நோக்கிக் குனிந்தது. அண்ணாச்சிதான் மெதுவாகச் சொன்னார்: "மிளகா எங்கடைல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, கேட்டேளா. உங்க மாடிக்குப் போனப்பொறமாத்தான் கெட்டுருக்கு."

கொஞ்சம் மூளை இருந்தவள் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பாள். நான் நேர்மையைத் தேர்ந்தெடுத்தேன். பெற்ற தாயானாலும் அறிவியலுக்கு முன் எல்லோரும் சமம் என்றேன். அம்மாவின் பொடி கெட்டதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினேன்: மழைக்காலத்து ஈரம், பழைய சாக்கு, காற்று புகாத டப்பா. பின்னால் மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். என் நேர்மையில் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, டப்பாவிலிருந்த பொடி முழுவதையும் தென்னைமரத்தடியில் கொட்டினேன். அதற்குள் சாலை முழுக்கச் செய்தி பரவி, ஹாஸ்டலையும் எட்டியிருந்தது. மெஸ்காரர்கள் அதே தடவை அரைத்த பொடியின் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பி, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவை அடுக்களையில் குவிந்து கிடந்தன.

"ஏட்டி, எம் பொடில விஷம்னு சாலைல வச்சுச் சொன்னியா?"

"சாலைல இல்லம்மா. லேப்ல."

"ஓகோ."

அம்மா பாக்கெட்டுகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தாள். தெரு வீடுகளும் ஒவ்வொன்றாக நிறுத்திவிடும் என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. மறுநாள் காலை நான் பஸ் ஏறினால், முன் சீட்டில் மடியில் ஒரு பாக்கெட்டுடன் அம்மா. பரிசோதனைக்கூடத்தில் வந்து அதை மேஜைமேல் வைத்தாள். "எங் கண்ணு முன்னால வையி."

நிரூபித்துக் காட்டிவிடுவது என்ற பரிவோடு வைத்தேன். கோடு படுத்துக் கிடந்தது. மறுபடியும் வைத்தேன். கிடந்தது.

"என்னட்டி இது? நேத்து மலை, இன்னைக்கு மைதானம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டியான எதையாவது ஏற்றினால், அடுத்ததை வைக்குமுன் வெறும் கரைப்பானைச் சில முறை ஓட்டி இயந்திரத்தின் ஊசியையும் குழாயையும் அலச வேண்டும். இல்லாவிட்டால் முந்தினது ஒட்டிக்கொண்டு அடுத்ததில் வந்து நிற்கும். காலையில் வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலையே இந்த அலசல்தான். முந்தின நாள் கூட்டம் கலைந்துவிடுமோ, பழம்பொரி தீர்ந்துவிடுமோ என்று அதை விட்டுவிட்டேன்.

உறுதிசெய்ய, கெட்டிக் கரைசலை மறுபடி ஏற்றி, அடுத்ததாக வெறும் கரைப்பானை வைத்தேன். அழகாக ஒரு மலை எழுந்தது.

"இதுல என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலம்மா."

"ஒண்ணும் இல்லாததுலயே வெஷம் காட்டுது. எம் பொடி எம்மாத்திரம்."

மேலாளர் கதவோரம் நின்றிருந்தார். "ஞான் அப்போள்தன்னே பறயான் நோக்கி. கீதா நிர்த்தியில்லல்லோ" என்றார். அப்போதே சொல்லப் பார்த்தாராம், கீதாவாகிய நான்தான் நிறுத்தவில்லையாம். நேற்றைய கனைப்புக்குப் பொருள் அதுதான்.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். யார் யார் முன்னால் சொன்னேனோ அத்தனை பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் இப்போதே என்றாள். அன்று சாலையில் கடை கடையாக ஏறி, மூலக்கூறு, ஊசி, குழாய் என்று ஆரம்பித்தேன். நாலைந்து கடை தாண்டியதும் அறிவியல் தேய்ந்து, "கழுவாமப் போட்டுட்டேன்" என்ற ஒற்றை வாக்கியமாகிவிட்டது. அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள். கடைசியில் அண்ணாச்சியின் மண்டி.

"கழுவாமயா போட்ட?"

"ஆமா அண்ணாச்சி."

"நாங்க மல்லி நிறுத்த தட்டுல மிளகா நிறுக்கணும்னாக்கூட ஒரு தொடை தொடைப்போம், பாப்பா." எதிர்க்கடைக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தியும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. மெஸ் மறுபடி பொடி கேட்டது. மெஷினே மன்னிப்புக் கேட்ட பொடி என்று புதிய வீடுகளும் கேட்டன. வியாபாரிகளும் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரத்தான் செய்தார்கள். சாம்பிளை நீட்டுமுன் "கழுவியாச்சா?" என்று கேட்டுவிட்டு.

பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்தக் கதையை அம்மாவே சொன்னாள். மாப்பிள்ளையாக வந்தவர் சிரித்ததால்தான் கல்யாணத்துக்குச் சரி என்றேன், பின்னால் அதற்காக வருந்தினேன். இன்றும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடுதல் என்று நான் வாய் திறந்தால், யாரும் சாம்பாரைச் சுவைத்துப் பார்க்கமாட்டார்கள். அம்மா ஒரு தம்ளர் தண்ணீரை என் முன் வைப்பாள். கணவர் வாஷ்பேசினைக் காட்டுவார். "கொப்பளிச்சிட்டு வந்து சொல்லு. முன்னால எதைத் தின்னியோ."

கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவேன். உப்பு அப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். பேசாமல் சாப்பிடுவேன்.