எதிர்வீட்டு ஹால் வரைக்கும் வாசனை

கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் லீவு உண்டு, எனக்கும் வேண்டும் என்று பவளம் கேட்டாள். அங்கேதான் ஆரம்பித்தது.

"அடுப்படியில அப்படி என்ன வேலை? சட்டிய ஏத்துற, தீ வேகவைக்குது. நீ சும்மா நிக்கிற" என்றார் அவள் புருஷன் மாரிசாமி. ஓசூர் சிப்காட்டில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர், போதாததற்கு சேஃப்டி கமிட்டி மெம்பர். சும்மா நிற்பதைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

"அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க நில்லுங்க."

"நிக்கிறேன். சமையல் நல்லாருந்தா லீவுப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"நல்லாருக்குன்னு யாரு சொல்றது?"

"வெளியாளு சொல்லட்டும். உன் வாயில வராது."

ஞாயிறு. பவளம் துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். மாரிசாமி ரசத்தை ஏற்றினார். சும்மாதானே நிற்க வேண்டும், அதை வாசலில் நின்றால் என்ன? பேப்பரும் கையுமாக வெளியே போனார். ரசம் பொங்கி வழிந்தது. அடுப்பு அணைந்தது. கேஸ் அணையவில்லை. பதினைந்து வருஷம் பெயின்டை மோந்த மூக்கு. கண்ணாடி மாட்டத்தான் உதவும்.

எதிர்வீட்டு நாராயணம்மா, தெலுங்குக்காரம்மா, படியில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணா, என்னா வாசனை உங்கூட்ல. எங்க ஹால் வரைக்கும் வருது."

மாரிசாமிக்கு உச்சி குளிர்ந்தது. "ரசம்மா. பெருங்காயம் கொஞ்சம் தாராளம்."

"தலைய சுத்துதுங்கண்ணா."

"முதல் தடவைன்னா அப்படித்தான் இருக்கும்." மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பவளம், கேட்டியா? வெளியாளு சொல்லியாச்சு."

பவளத்துக்கு நன்றாகவே கேட்டது. சாக்கடை அடைத்தாலும், எலி செத்தாலும், நாராயணம்மாவுக்கு எல்லாமே 'வாசனை'தான். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அடுப்புக் குமிழைத் திருகி மூடினாள், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினாள், ஜன்னலையும் பின்கதவையும் விரியத் திறந்தாள். பின்னாலேயே வந்த கமிட்டி மெம்பர் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க. ஒரு பொறி போதும், ரெண்டு பேரும் கர்நாடகாவுல போய் விழுவோம்."

மாரிசாமி செல்லை எடுத்தார்.

"அதையும் தெருவுல வச்சுப் பேசுங்க. நடங்க."

வீடு காற்றாடும்வரை இருவரும் தெருவில் நின்றார்கள்.

"வெளிய சொல்லிராத பவளம். கமிட்டியில மானம் போயிரும். நாராயணம்மா வீட்டுக்காரனும் எங்க கம்பெனிதான்."

"சொல்லல. ஆனா அந்தம்மா கேட்டா? ஒண்ணு கேஸுன்னு சொல்லணும், இல்ல உங்க ரசம்னு சொல்லணும்."

மாரிசாமி எதிர்வீட்டைப் பார்த்தார். "ரசம்னே சொல்லு."

பவளம் எதிர்ப்பக்கம் திரும்பினாள். "நாராயணம்மா, பயப்படாதீங்க. அது இவரு வச்ச ரசம். கை பழகணும்ல, அதான் இனிமே ஞாயித்துக்கிழமைன்னா இவருதான் சமையல். இல்லைங்களா?"

மாரிசாமி தலையாட்டினார்.

நாராயணம்மா மூக்கைப் பொத்தியபடி யோசித்தாள். "அப்ப ஞாயித்துக்கிழமைங்கள்ல நாங்க கிருஷ்ணகிரிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடறோம்ங்கண்ணா."